கிராஃப்ட்வெர்க்கின் முதல் ஆல்பம் (1970): கேட்டவர்கள் கவனித்தது என்ன?

ஜெர்மன் மின்னிசைக் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் 1974 ஆல்பம் 'ஆட்டோபான்' கேட்டுவிட்டு இதற்கு வருகிறவர்கள் மூக் சிந்தசைசரை (மின்னணுவில் ஒலி உண்டாக்கும் கருவி) தேடுவார்கள். கிடையாது. ரால்ஃப் ஹூட்டரிடம் ஆர்கனும் டூபானும், ஃப்ளோரியான் ஷ்னைடரிடம் புல்லாங்குழலும் வயலினும். டூபான் ஸ்வீடனில் செய்த குழாய் வடிவக் கீபோர்டு. கிட்டார் போலத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். தயாரிப்பில் கானி பிளாங்கும் உண்டு. வாத்தியத்தைவிட, அதிலிருந்து வெளியே வந்த ஒலியை என்ன செய்தார்கள் என்பதைக் கேளுங்கள்.

மறுமொழி
முதல் பாட்டு 'ருக்ஸுக்', என்றால் 'சட்டுபுட்டென்று'. அதில் வரும் குழல் துடிப்பை வீட்டில் முயல ஒரு வழி: நாக்கால் து-கு, து-கு என்று வெட்டி ஊதி, எக்கோவைத் தாளத்தோடு பூட்டுங்கள். 60,000-ஐ நிமிடத் துடிப்பால் வகுத்தால் ஒரு துடிப்பின் மில்லிவிநாடி வரும். 120 என்றால் 500, அரைத்துடிப்பு 250. டேப் எக்கோவில் (ஒலியை நாடாவில் பதிந்து சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் கருவி) பதியும் தலைக்கும் ஒலிக்கும் தலைக்கும் உள்ள இடைவெளியை நாடா வேகத்தால் வகுக்க வேண்டும்: 5 செ.மீ., விநாடிக்கு 19 செ.மீ. என்றால் சுமார் 263 மில்லிவிநாடி. ஃபீட்பேக்கை (எக்கோவைத் திரும்ப எக்கோவுக்குள்ளேயே விடும் அளவு) ஏற்றினால் மூச்சுச் சத்தமும் சுற்றிச் சுற்றிச் சேர்ந்து இரைச்சலாகிவிடும். எக்கோவுக்கு முன்னாலேயே 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். சாதாரண மேற்கத்தியக் குழலின் மிகத் தாழ்ந்த ஸ்வரமே 262 ஹெர்ட்ஸில்தான், எனவே நஷ்டமில்லை.

மறுமொழி
டிரம்ஸ் ஒரே ஆள் இல்லை. முதல் பக்கத்தில் ஆண்ட்ரியாஸ் ஹோமான்; 'ஃபொம் ஹிம்மல் ஹோக்'கில் கிளாவுஸ் டிங்கர், பின்னாளில் 'நோய்!' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 'மெகாஹெர்ட்ஸ்'ஸில் டிரம்ஸே இல்லை. கடைசிப் பாட்டான 'ஃபொம் ஹிம்மல் ஹோக்'கின் தலைப்பு லூதரின் கிறிஸ்துமஸ் கீதத்துடையது, 'உயர் வானிலிருந்து' என்று பொருள். இங்கே வானிலிருந்து இறங்குவது குண்டு விழுவது போன்ற ஒலி. குரூரமான நக்கல்!

மறுமொழி
பிரதி வாங்குகிறவர்களுக்கு: அதிகாரபூர்வ சிடி வந்ததே இல்லை. குழுவின் ஆல்பங்களைச் சேர்த்து வெளியிட்ட 2009 தொகுப்பும் 'ஆட்டோபான்'இலிருந்துதான் ஆரம்பிக்கிறது. சிடியாக விற்பவை பெரும்பாலும் இசைத்தட்டிலிருந்து எடுத்த திருட்டுப் பிரதிகள். முதல் ஜெர்மன் பதிப்பு பிலிப்ஸ் 6305 058. முன்னட்டையில் போக்குவரத்துக் கூம்பு, விரித்தால் உள்ளே புகைப்படக் கலைஞர்கள் பெஷர் தம்பதியின் மின்மாற்றிப் படம். 1972-இல் வெர்டிகோ நிறுவனம் இங்கிலாந்தில் இரண்டாம் ஆல்பத்தையும் சேர்த்து இரட்டைத் தட்டாக விட்டது.

மறுமொழி
திருட்டுப் பிரதியில் வேகம் சரிதானா என்று பாருங்கள். 'ருக்ஸுக்' 7 நிமிடம் 47 விநாடி வாக்கில் ஓடும். சுமார் 5 விநாடி பிசகினால் ஒரு சதவீதம் தவறு. 6 சதவீதம் போனால் ஸ்ருதியே அரை ஸ்வரம் நகர்ந்துவிடும். முன்பின் உள்ள மௌனத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.