மூன்றாவது பட்டன்

எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லை. போன மாதம் எங்கள் நூலகர் மேடம் கூப்பிட்டு, “தம்பி, நம்ம இ-லைப்ரரி உனக்கு வேலை செய்யுதா? ஒருநாள் உட்கார்ந்து பார்த்துச் சொல்றியா?” என்றார். ஒன்றரை வருஷமாக நான் புலம்பிக்கொண்டிருந்த விஷயம். அவராகவே கேட்டதும் சட்டென்று பதில் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் வைத்துக்கொண்டோம். நூலகக் கணினியில் என்விடிஏ போட்டேன். தெரியாதவர்களுக்கு: திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது. காசு கிடையாது, அதனால்தான் எங்களில் பலர் கையில் இருக்கிறது. சோதனைக்கு ஒரே விதி. தொல்காப்பிய உரைகள் பற்றி ஒரு கட்டுரையை நானே தேடி எடுத்து முதல் பக்கத்தைக் கேட்க வேண்டும். மேடம் பக்கத்தில் இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது.

வாசலிலேயே விதி உடைந்தது. லாகினில் கேப்சா, அதாவது படத்தில் தெரியும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச் சொல்லும் சோதனை. அந்தப் படம் என் காதுக்கு “கிராஃபிக்” என்ற ஒற்றைச் சொல், அவ்வளவுதான். ஒலி வடிவம் இல்லை. மேடம் எழுத்துகளை வாசித்துச் சொல்ல, நான் தட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்து பக்கம் மறுபடி முதலிலிருந்து வந்தது. மூன்றாம் தடவைதான் உள்ளே போனோம்.

தேடல் முடிவுகள் வந்தன. இப்படிப்பட்ட பக்கத்தில் நாங்கள் ஹெச் விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவோம். இங்கே ஒன்றுகூடத் தலைப்பாகக் குறிக்கப்படவில்லை. சரி என்று டேப் அடித்தேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் “பட்டன், பட்டன், பட்டன்” என்றது. மூன்றுக்கும் பெயர் இல்லை. குத்துமதிப்பாக மூன்றாவதை அழுத்தினேன்; தேடியதெல்லாம் காணாமல் போனது.

இதில் வேடிக்கை, இணையதளம் செய்துகொடுத்தவர்கள் “அணுகல் சோதனையில் தேர்ச்சி”, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தலாம் என்று ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். மேடம் அதை அச்செடுத்து மேசையிலேயே வைத்திருந்தார். கருவி விட்டு எடுத்த அறிக்கை. படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்த விளக்கம் உருப்படியா என்று ஓர் ஆள் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

அப்புறம் பிடிஎஃப்கள். தமிழ் படிக்கிறவனுக்கு உண்மையான சுவர் இதுதான். முதல் கட்டுரை வெறும் ஸ்கேன், ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய பாமினி வகை எழுத்துரு; ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டது. கண்ணுக்கு “அம்மா” என்று தெரிவது அதில் “எம் கே செமிகோலன் கே ஹெச்” என்று காதில் விழும். ஒரு பக்கம் கேட்டுப் பாருங்கள், தலை சுற்றும். மூன்றாவது யூனிகோடுதான், ஆனால் பிடிஎஃப் ஆக்கும்போது ஒற்றைக்கொம்பு இடம் மாறிவிட்டது. “மொழி” எல்லாம் “மாழி” மாதிரி கேட்டது. இலக்கணக் கட்டுரையில் இது வந்தால் எது பிழை, எது எடுத்துக்காட்டு என்றே புரியாது. மேடம் சிரித்துவிட்டார், நானும்தான்.

ஒப்பிட்டுக் காட்ட, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தைத் திறந்தேன். 1998இல் தொடங்கியது, எந்த அலங்காரமும் இல்லாத பக்கங்கள். குறுந்தொகை தங்குதடையின்றி ஓடியது. மேடம் கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து பாட்டுக் கேட்டார்.

* * *

மேலே எழுதியவருக்குக் கண்; நான் வேறு ஆள். எனக்குக் கண் நன்றாகத் தெரியும், கைதான் ஒத்துழைக்காது. மவுஸ் பிடிக்க முடியாது, எல்லாமே விசைப்பலகைதான். எங்கள் கல்லூரியில் இதே மாதிரி சோதித்தபோது டேப் அடித்துக்கொண்டே போனேன். எங்கே நிற்கிறேன் என்று காட்டும் கட்டம் திரையில் தெரியவே இல்லை. அழகாக இல்லை என்று வடிவமைத்தவர் எடுத்துவிட்டாராம்! புத்தகமோ பக்கத்தைப் பிடித்து இழுத்தால்தான் புரளும் ரகம். இழுப்பதற்கு மாற்று வழி கொடுக்க வேண்டும் என்று 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் வழிகாட்டி சொல்கிறது. நூலகத்துக்குச் சாய்தளம் போட்டுத் திறப்பு விழா நடத்தினார்கள், நன்றிதான். வீட்டிலிருந்தபடி அட்டையைத் தாண்ட முடியவில்லை.

* * *

நான் நூலகப் பக்கம் இருக்கிறவள். முதலில் எழுதிய தம்பிக்கு: அந்த ஸ்கேன் கட்டுரைகளை மாற்றித் தரப் பல நூலகர்கள் பயப்படுவது காப்புரிமைக்காக. நானும் பயந்தவள்தான். 2012இல் சட்டம் திருத்தப்பட்டபோதே, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் லாப நோக்கமில்லாமல் மாற்றித்தர வழி வந்துவிட்டது. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்றவும் பகிரவும் வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் நாம்தான். உங்கள் மேடத்திடம் சொல்லுங்கள். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற, பார்வையற்றோருக்கான இணைய நூலகத்திலும் ஒருமுறை தேடுங்கள். யாராவது ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தால் இரட்டை வேலை மிச்சம்.

நாங்கள் ஸ்கேனைக் கூகுள் டிரைவில் ஏற்றி ஓசிஆர் எடுக்கிறோம், அதாவது படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றுகிறோம். தெளிவான அச்சு என்றால் நன்றாகவே வருகிறது. பழைய அச்சில் “ர”வும் துணைக்காலும் குழம்பும்; அதை முதலாண்டுப் பிள்ளைகள் மெய்ப்புப் பார்க்கிறார்கள். மெதுவான வேலைதான். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் தாண்டினால் அன்றைக்கு டீ என் கணக்கு.

* * *

(முதலில் எழுதியவன்தான்.) அக்கா, மேடத்திடம் காட்டினேன். சட்டப் பிரிவு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறார், முதல்வரிடம் போவாராம். கேப்சாவை எடுத்துவிட்டார்கள், இப்போது மெயிலுக்கு ஓடிபி வருகிறது. மூன்று பட்டனில் இரண்டுக்குப் பெயர் வந்தாயிற்று: “பதிவிறக்கு”, “சேமி”. மூன்றாவது எதற்கென்று மேடத்துக்கும் தெரியவில்லை. செய்துகொடுத்தவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்.