வில் பிடிக்கிற தோள் வலிக்கிறது, எய்வதை விடவா?

ஹட்டன் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கட்டாரில் வேலை செய்யும் தம்பி லீவில் வந்தபோது ஒரு ரீகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்தது) கொண்டுவந்து தந்தான். லிம்பில், அதாவது வில்லின் வளைகிற தண்டில், 68 அங்குலம் (வில்லின் நீளம்), 34 பவுண்டு (நாணை இழுக்கிற பாரம்) என்று போட்டிருக்கிறது. பழக்கிவிட இங்கே ஆளில்லை. வீடியோ பார்த்துத்தான் பழகுகிறேன். குவாட்டர்ஸுக்குப் பின்னால் உயரமான மண்திட்டு இருக்கிறது, அதில் உரச் சாக்குக்குள் பழைய துணியை அடைத்துச் சாத்திவைத்து எய்கிறேன்.

நான் வலக்கைக்காரி, வில் இடக்கையில். வலி இடத்தோளின் உச்சியில், கொஞ்சம் முன்பக்கமாக. எய்து முடிக்கிற நேரம்தான் தொடங்கும். மறுநாள் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் பாதி உயரத்தில் சுருக்கென்று குத்தும். அதைத் தாண்டி முழுக்கத் தூக்கிவிட்டால் ஒன்றுமில்லை. கொண்டை போடுவதும் பெரும்பாடு. அம்மா தைலம் தேய்த்துவிட்டால் அன்றைக்குக் கேட்கிறது, அடுத்த முறை எய்ததும் திரும்ப வருகிறது. "காலமெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்த எனக்கே இப்படி வந்ததில்லை, நீ குச்சி எறிஞ்சு தோளைக் கெடுத்துக்கிட்டியே" என்று பேச்சு வேறு.

பழகப் பழகச் சரியாகுமா, இல்லை விட்டுவிடவா?

பதுளைக் கோச்சி:

அக்கா, பயப்படாதீங்க, எல்லோருக்கும் வர்றதுதான். தசை பழகும் வரைக்கும் அப்படித்தான் இருக்கும். நான் தொடங்கினதே 40 பவுண்டில். ஒலிம்பிக் தூரம் 70 மீற்றர், அங்கே அம்பு போய்ச் சேரணும்னா பாரமான வில் வேணும். விடாம எய்யுங்க.

பண்டாரவளை சேர்:

கோச்சித் தம்பி, உன் தோள் உன் பொறுப்பு. டீச்சருக்கு அந்த ஆலோசனை வேண்டாம். 70 மீற்றர் எங்கேயும் ஓடிப்போகாது. உரச் சாக்கு பத்து மீற்றரில் இருக்கும்போது 40 பவுண்டு எதற்கு?

டீச்சர், உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போதும் பிள்ளைகளுக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், வில்லைத் தூக்கும்போது தோளும் சேர்ந்து மேலே வருகிறது போலத் தெரிகிறது. அப்படி வந்தால் புயத்து எலும்பின் உருண்டைத் தலை, தோளின் கூரைபோல இருக்கிற எலும்போடு நெருங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தசைநாண் ஓடுகிறது, அது நசுங்கும். பாதி உயரத்தில் மட்டும் குத்துவது அதன் பொதுவான அடையாளம்.

ஏன் தோள் மேலே வருகிறது? வில் பாரம். 34 என்பது 28 அங்குலம் இழுத்தால் உள்ள கணக்கு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அங்குலத்தில் அளந்து 2.5 ஆல் வகுங்கள். அதுதான் ஏறக்குறைய உங்கள் இழுவை நீளம். 28க்குக் குறைகிற ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 2 பவுண்டு கழித்துக்கொள்ளலாம். அப்படிக் கழித்த பிறகும் 20க்கு மேல் நின்றால், பழகுகிற ஒரு பெண்ணுக்கு அது கூடுதல்தான். நல்ல திடமான இளைஞர்களையே நான் 24க்கு மேல் தொடங்கவிடுவதில்லை. திமிர் பிடித்தவர்கள் கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும்.

இனித் தோளை இறக்குவது. பீலியிலிருந்து தண்ணீர் வாளியைத் தூக்கி நிற்கும்போது தோள் எப்படிக் கீழே இழுபட்டு நிற்கிறது? அந்த இடம்தான் வேண்டும். வில்லைத் தொங்கவிட்டு நின்று முதலில் தோளை அங்கே இறக்குங்கள். அப்புறம் கையை மட்டும் குறிமட்டத்துக்கு உயர்த்துங்கள். வானத்தைப் பார்க்கத் தூக்கி, அங்கிருந்து இழுத்துக்கொண்டே இறக்குகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

முழங்கைக்கும் ஒரு வேலை இருக்கிறது. கதவு நிலையில் இடது உள்ளங்கையைத் தோள் உயரத்தில் ஊன்றுங்கள். உள்ளங்கை அசையாமல் முழங்கையை மட்டும் திருப்பிப் பாருங்கள். மேல்நோக்கி இருந்த முழங்கை உள்மடிப்பு வலப்பக்கம் பார்க்க வேண்டும். முதலில் வராது, மெல்ல மெல்ல வரும். வந்துவிட்டால் நாண் முன்கையில் அடிப்பதும் நிற்கும். முழங்கையைப் பின்னுக்கு வளையும்படி பூட்டிவிடாதீர்கள், பெண் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். வில்லை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. பெருவிரல் மேட்டில் அது சாய்ந்திருந்தால் போதும், விழாமல் இருக்க விரல்பட்டி ஒன்று கட்டிக்கொள்ளலாம்.

இழுக்கிற கை வெறும் கொக்கி. விரல்தான் நாணைப் பிடிக்கிறது, இழுப்பது முதுகு. வலது தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர்வதை உணரவேண்டும். முழங்கை அம்பின் மட்டத்தில் அல்லது சற்று மேலே நிற்கட்டும். நாண் மூக்கு நுனியையும் நாடியையும் தொட, கை தாடைக்குக் கீழே வந்து உட்காரட்டும்.

போனைப் பின்னால் சாய்த்துவைத்து வீடியோ எடுங்கள். இரண்டு தோளும் போகிற கோடு அம்புக்குச் சமாந்தரமாக இருக்கிறதா, உடல் பின்னுக்குச் சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் வில் உங்களை வெல்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில், 2024இல், வில்வித்தையின் ஐந்து தங்கத்தையும் தென்கொரியா அள்ளியது. அதில் மூன்று தங்கத்தில் பங்குள்ள வீராங்கனை லிம் சி-ஹியோன் எய்கிற வீடியோவைத் தேடிப் பாருங்கள். அம்பை விட்டுவிட்டு அவருடைய இடத்தோளை மட்டும் கவனியுங்கள்.

நுவரெலியா பிசியோ:

சேர் சொன்னது சரி. ஆனால் இப்போது வலி இருக்கிறது, அதனால் முதல் வேலை ஓய்வு. பஸ் கம்பியைப் பிடிக்கும்போது குத்துவது நிற்கும் வரை வில்லைத் தொடவேண்டாம். நேரில் பார்க்காமல் இன்னதென்று அடித்துச் சொல்லவும் முடியாது. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாமல் இருந்தால், கை பலமில்லாமல் விழுந்தால், விரல்வரை மரத்தால், தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மரத்துப்போவது கழுத்திலிருந்தும் வரலாம்.

வலி அடங்கியதும் ஒரு பயிற்சி. சைக்கிள் டியூப் ஒரு துண்டு எடுங்கள். மலைநாட்டில் சைக்கிள் ஏது என்று கேட்கவேண்டாம், ஓட்டோ டயர் ஒட்டுகிற கடையில் கேட்டால் ஏதாவது பழைய டியூபை வெட்டித் தருவார்கள். கதவுப் பிடியில் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கிவைத்து, முன்கையை வெளிப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். திரும்பி வருவதும் மெதுவாக. பத்துப் பன்னிரண்டு தரம், இரண்டு கைக்கும். குத்தினால் நிறுத்துங்கள்.

நம் ஊர்க் குளிரில் வெள்ளனவே எழுந்து, ஸ்வெட்டரைக் கழற்றிய கையோடு முதல் அம்பை எய்கிறவர்களையும் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் நடந்து, கையைச் சுழற்றி, உடம்பு சூடானபின் எடுங்கள்.

ஹட்டன் டீச்சர்:

ரொம்ப நன்றி சேர், பிசியோ அக்காவுக்கும். கை விரித்தால் 62 அங்குலம். அப்படியென்றால் இழுவை 25, பாரம் 28 பவுண்டு அளவில் வருகிறது. தம்பி வில் வந்த புதிதில் எடுத்த படம் ஒன்று இருந்தது, அதில் என் இடத்தோள் காதைத் தொடப் பார்க்கிறது! மரப்பு எதுவும் இல்லை, இரவில் தூக்கமும் வருகிறது. எய்வதை நிறுத்திவிட்டேன். வேறு வில்லே வாங்கவேண்டுமா? அம்புகள் என்னாகும்?

பதுளைக் கோச்சி:

சேர், என்னோட 40 பவுண்டு லிம்பை யாராவது வாங்குவாங்களா?

பண்டாரவளை சேர்:

இரண்டு வருஷம் கழித்து நீயே தேடுவாய், வைத்திரு.

டீச்சர், உங்களுடையது லிம்ப் கழற்றுகிற வில் என்றால் நடுக்கட்டை அப்படியே இருக்கட்டும், லிம்பை மட்டும் மாற்றினால் போதும். எல்லா லிம்பும் எல்லாக் கட்டைக்கும் பொருந்தாது. பூட்டுகிற இடத்தைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டு வாங்கச் சொல்லுங்கள். 22 என்று போட்டது உங்கள் கையில் 16 அளவில் வரும், கைக்கு இதமாக இருக்கும். நீளமும் 68 வேண்டாம், 25 அங்குல இழுவைக்கு 66க்குள் இருந்தால் நல்லது.

பழைய அம்பு புது லிம்புக்கு விறைப்பாக இருக்கும், வலக்கைக்காரர்களுக்கு அது இடப்பக்கம் விலகும். அதைப் பார்த்து உடம்பைத் திருப்பிக்கொண்டு நிற்காதீர்கள். முதல் சில வாரம் குறியே வேண்டாம். சாக்குக்கு நாலைந்து அடி தள்ளி நின்று, அம்பு சாக்கின் நடுவைப் பார்ப்பதை உறுதிசெய்துகொண்டு, இழுத்தபின் கண்ணை மூடித் தோளை மட்டும் கவனித்து விடுங்கள். அம்பில்லாமல் இழுத்துப் பார்க்கலாம், ஆனால் வெறும் நாணை ஒருபோதும் விடக்கூடாது, லிம்ப் வெடிக்கும். இழுத்த மாதிரியே மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்து வையுங்கள்.

லிம்ப் வந்ததும் பின்னாலிருந்து எடுத்த வீடியோவை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.