மாதிரி ரயில் குழுவுக்குப் புதியவர்களைச் சேர்க்க வழி தேவை

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், நண்பர் ஒருவரின் மாடி அறையில், மாதிரி ரயில் அமைக்கும் சிறு குழு ஒன்றை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். தொடக்கத்தில் பதினொருவராக இருந்த நாங்கள் இப்போது நால்வர். நால்வருமே ஐம்பதைக் கடந்தவர்கள்.

எட்டுக்கு நான்கு அடிப் பலகையில், 1:87 அளவில் (அதாவது உண்மையானதில் 87-இல் ஒரு பங்கு), தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. இடைவெளி உள்ள இருப்புப்பாதை அமைத்திருக்கிறோம். 2010-இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்ட விழுப்புரம் - மயிலாடுதுறைத் தடத்தின் பழைய மீட்டர் பாதையைச் செய்யவே ஆசைப்பட்டோம். அதற்கு இதே அளவில் 12 மி.மீ. இடைவெளியுள்ள பாதை வேண்டும், இறக்குமதி விலை கட்டுப்படியாகவில்லை.

சென்ற ஜூன் முதல் இரண்டு பள்ளிகளில் செயல்விளக்கம் நடத்தினோம், வெள்ளிக் கடற்கரையில் துண்டறிக்கை கொடுத்தோம், வாட்ஸ்அப்பிலும் செய்தி பரப்பினோம். ஞாயிறு மாலைகளில் கல்லூரி மாணவர்கள் மூவர் வந்தார்கள். ஒரு மாதத்தில் நின்றுவிட்டார்கள். சொந்தமாக எஞ்சின் வாங்கும் செலவு ஒரு காரணம் என்றாலும், ரயிலை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை நாங்களே வைத்துக்கொண்டு அவர்களை வேடிக்கை பார்க்க வைத்ததுதான் பெரிய தவறு என்று இப்போது தோன்றுகிறது. பெரியவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவேயில்லை.

இத்தகைய பொழுதுபோக்குக் குழுவை நடத்திய அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: கையில் பணமில்லாத ஒரு புதியவருக்கு முதல் நாளிலேயே என்ன வேலையைக் கொடுத்தால் அவர் மறுவாரமும் வருவார்?