ரோம் நகரில் ஒரே நாள், தனியாக, நடந்தே: என் திட்டத்தில் எங்கே பிழை?

வடக்குவீதி (ஞாயிறு இரவு)

எனக்கு வயது 58. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இத்தாலியில், பொலோனியா நகரில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். வரும் புதன்கிழமை தனியாக ரோம் போகிறேன். காலை 9.15க்கு தெர்மினி நிலையத்தில் இறங்குவேன். திரும்பும் ரயில் இரவு 7.35க்கு. இடைப்பட்ட பொழுதெல்லாம் நடந்தே பார்க்க வேண்டும் என்று ஆசை.

சென்ற வாரம் ஃபுளோரன்சில் இதே முயற்சி பாழாய்ப் போனது. பகல் இரண்டு மணிக்கு அலைபேசி அணைந்துவிட்டது. வழி முழுவதும் அதற்குள்தான் இருந்தது. புதுக் காலணி வலது குதிகாலில் கொப்புளம் போட்டுவிட்டது. ஆசையாகத் தேடிப் போன தேவாலயம் 12.40க்குப் பூட்டிக் கிடந்தது. அதன் படியில் உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இம்முறை திட்டம் இது: தெர்மினியிலிருந்து மெட்ரோவில் நேரே வத்திக்கான், புனித பேதுரு பேராலயம். பிறகு நவோனா சதுக்கம், பாந்தியன் என்ற பழைய குவிமாடக் கோயில், கொலோசியம் என்ற பழைய அரங்கு. கடைசியாக வின்கோலி தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை. அங்கிருந்து நடந்து நிலையம். மொத்தம் ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. சரிவருமா?

ஏழாண்டு ரோமில் (ஞாயிறு இரவு)

அம்மா, தூரம் சரி, இடங்களும் சரி. திசைதான் தவறு. அப்படியே தலைகீழாக மாற்றிவிடுங்கள்.

நீங்கள் போவது புதன்கிழமை. போப்பாண்டவர் ஊரில் இருந்தால் புதன் காலையில் பேதுரு சதுக்கத்தில் மக்களைச் சந்திப்பார். கூட்டம் கலைந்து, மதியத்துக்குப் பிறகுதான் பேராலயத்துக்குள் பார்வையாளர்களை விடுவார்கள். பத்து மணிக்குப் போய் நின்றால் உங்கள் பாதி நாள் அங்கேயே கரைந்துவிடும்.

வின்கோலி தேவாலயம் இதற்கு நேர் எதிர். காலையில் திறந்திருக்கும், 12.30க்குப் பூட்டினால் மூன்று மணிக்குத்தான் மறுபடி திறக்கும். ஃபுளோரன்சில் நீங்கள் பட்டதும் இதுதான். இத்தாலியில் பல தேவாலயங்களுக்கு மதிய ஓய்வு உண்டு. ஆகவே வின்கோலியைக் காலையில் முடித்துக்கொள்ளுங்கள். பாந்தியன் நடுப்பகலிலும் திறந்திருக்கும், அதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

தெர்மினியிலிருந்து கவூர் வீதியில் கீழ்நோக்கி நடங்கள். இடப்பக்கம் ஒரு பழைய மாளிகையின் வளைவுக்கு அடியில் புகுந்து ஏறும் படிக்கட்டு வரும். ஏறினால் வின்கோலி. மோசேயின் தலையில் இரண்டு கொம்புகள் இருக்கும். தமிழாசிரியை என்பதால் சொல்கிறேன். விவிலியத்தில் மோசேயின் முகத்தைப் பற்றி வரும், ஒளிவிடுவதையும் கொம்பையும் குறிக்கக்கூடிய ஓர் எபிரேயச் சொல்லை லத்தீனில் கொம்பு என்றே பெயர்த்துவிட்டார்கள். அந்த மொழிபெயர்ப்புதான் பளிங்கில் நிற்கிறது.

பேராலயத்தைக் கடைசியில் பார்த்துவிட்டு ஒத்தவியானோ நிலையத்தில் மெட்ரோ ஏறினால் நேரே தெர்மினி. டிக்கெட் 1.50 யூரோ. களைத்த கால்களுக்கு அந்தக் கடைசி மூன்று நான்கு கிலோமீட்டர் மிச்சம்.

மலையேறி (திங்கள் காலை)

அலைபேசிக்கும் காலுக்கும் நான் சொல்கிறேன். ரோம் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டு, நடக்கும்போது விமானப் பயண நிலையில் வையுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் நீங்கள் நிற்கும் இடத்தை வரைபடம் காட்டும், மின்கலமும் சீக்கிரம் தீராது. தெருப்பெயர்களை ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

ரோமின் பழைய தெருக்களில் கைப்பிடியளவு கருங்கற்களைப் பதித்திருப்பார்கள். அவற்றில் ஒரு கிலோமீட்டர் நடப்பது தார்ச்சாலையில் இரண்டு நடந்ததற்குச் சமம் என்பது என் அனுபவம். புதுக் காலணியை வீட்டில் விட்டுவிடுங்கள். குதிகால் சூடாக உறுத்துகிறதா, அந்த இடத்திலேயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் எழும்பும் வரை காத்திருக்காதீர்கள்.

வடக்குவீதி (திங்கள் மாலை)

இருவருக்கும் நன்றி. கொலோசியத்துக்குள் போகாமல் வந்தால் பிறகு வருந்துவேனா?

மலையேறி (திங்கள் மாலை)

கட்டாயம் போங்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு வெளியே நின்று பார்ப்பதா?

ஏழாண்டு ரோமில் (திங்கள் இரவு)

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உள்ளே போனால், பக்கத்தில் இருக்கும் பழைய ரோமானியரின் பொதுச் சதுக்கமான மன்றத்தின் இடிபாடுகளும் சேர்ந்து மூன்று மணி நேரம் போகும். அந்த நாளில் வேறெதற்கும் இடமிருக்காது. ஒரு சுற்று சுற்றி வந்து, அகலச் சாலை வழியே கப்பித்தோலியக் குன்றேறி, நகராட்சிக் கட்டடத்தின் பின்புறம் போங்கள். மன்றம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். கட்டணம் கிடையாது.

பாந்தியனுக்கு 2023இல் 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். அதன் பின்புறம், முதுகில் கல்தூணைச் சுமந்து நிற்கும் யானைச் சிலையைத் தவற விடாதீர்கள். பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை கட்டியவருக்கு அந்தக் கவலையே இல்லை.

வடக்குவீதி (வியாழன் காலை)

போய் வந்துவிட்டேன். கொப்புளம் இல்லை. இரவு 7.35க்கும் அலைபேசியில் உயிர் இருந்தது.

9.50க்கு வின்கோலியில் என்னோடு நான்கு பேர்தான். மோசேயின் விரல்கள் தாடியின் சுருள்களைக் கோதிக்கொண்டிருக்கின்றன. விரல் அழுத்திய இடத்தில் கல் மயிராகவே குழைந்திருக்கிறது. அரை மணி நேரம் நகர முடியவில்லை.

பாந்தியன் கூரையின் வட்டத் திறப்பு வழியே மெல்லிய தூறல் உள்ளே இறங்கியது. தரையில் நீர் வடியத் துளைகள் இருக்கின்றன. எல்லோரும் அண்ணாந்து பார்க்க, நான் அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று: நவோனா நீரூற்றில் நான்கு நதிகளுக்கு நான்கு உருவங்கள். அதில் ஒன்று நம் கங்கை! கையில் துடுப்போடு சாய்ந்திருக்கிறார். 1651இல் முடிந்த வேலையாம். கங்கையைப் பெண்ணாகவே பார்த்துப் பழகிய எனக்கு அந்தத் தாடிக்காரரைக் கங்கை என்று ஏற்கச் சற்று நேரம் பிடித்தது.

தெருக்குழாய்களில் தண்ணீர் ஓயாமல் ஓடுகிறது. எப்படிக் குடிப்பது என்று நான் விழித்து நிற்க, ஒரு சிறுமி குழாயின் வாயை விரலால் அடைத்துக் காட்டினாள். மேலே இருந்த சிறு துளையில் தண்ணீர் வில்லாக எழும்பியது. குனியாமல் குடித்தேன். பல் கூசும் குளிர்ச்சி.

பேராலய வரிசையில் ஐம்பது நிமிடம் நின்றேன், அதனால் உள்ளே ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. மே மாதம் மறுபடி போகலாம் என்று மகள் சொல்கிறாள். பேராலயத்துக் கூட்டம் பொதுவாக எந்த நேரத்தில் குறையும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஏழாண்டு ரோமில் (வியாழன் மதியம்)

புதன் வேண்டாம், ஞாயிறும் வேண்டாம். முதல் நாள் மாலையே வந்து தங்கிவிட்டு, விடிந்ததும் ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போதே அங்கே இருங்கள் அம்மா.