பேக் பிரஷர்: 'வரத்துக் கட்டுப்பாடு' போதுமா?

மண்டபத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். படகுகளின் இருப்பிடச் செய்தியை டிசிபி (இணைப்பு ஏற்படுத்தித் தரவு அனுப்பும் நெறிமுறை) வழியே கரையில் வாங்கும் சேவைக்குத் தமிழில் கையேடு எழுதுகிறோம். பிணையத் தொடர்புக்கான நெட்டி நூலகம் ரிசோர்ஸ் அடாப்டராக (வெளி அமைப்புகளோடு இணைக்கும் பகுதியாக) வைல்டுஃபிளை என்ற ஜாவா சர்வருக்குள் இருக்கும்; செய்தி, அதைக் கையாளும் நிரல்பகுதியான மெசேஜ் டிரிவன் பீனுக்குப் போகும். வாங்குபவர் திணறும்போது அந்த நெருக்கடி அனுப்புபவரை எட்டி நிறுத்துவதுதான் 'பேக் பிரஷர்'. இதற்குச் சிலர் 'பின்னழுத்தம்' என்கிறார்கள். 'வரத்துக் கட்டுப்பாடு' எனலாமா? மீன் வரத்து, தண்ணீர் வரத்து என்று எல்லோரும் புழங்கும் சொல். கீழக்கரைக் காக்கா என்ன சொல்கிறீர்கள்?

கீழக்கரையிலிருந்து:

தம்பி, 'வரத்து' நல்ல சொல். ஆனால் 'கட்டுப்பாடு' சேர்ந்தால், வாங்குபவர் தாமே முடிவெடுத்து அடைக்கிறார் என்றாகிறது. நடப்பதை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

நெட்டியின் ஓர் இழை (த்ரெட்) பல இணைப்புகளைக் கவனிக்கிறது. அது எங்கும் நிற்கக் கூடாது. ஆகவே செய்தியை, சர்வரில் வேலைகளை வேறு இழைகளுக்குப் பகிரும் ஒர்க் மேனேஜரிடம் 'ஷெட்யூல்ஒர்க்' மூலமே ஒப்படைக்க வேண்டும். 'டூஒர்க்' வேலை முடியும்வரை நிறுத்திவைக்கும், 'ஸ்டார்ட்ஒர்க்' வேலை தொடங்கும்வரை. அவற்றைப் பயன்படுத்தினால் ஒரு படகின் செய்திக்காக அந்த இழையிலுள்ள அத்தனை படகுகளும் காத்துக் கிடக்கும்.

தரவுத்தளம் தாமதித்தால் ஒப்படைத்த வேலைகள் குவிகின்றன. எல்லை தாண்டியதும் அந்த இணைப்பில் ஆட்டோரீடை (தானாக வாசிப்பதை) அணைக்கிறோம். இயங்குதளக் கெர்னலின் பெறும் இடையகம் (பஃபர்) நிரம்புகிறது. இன்னும் எவ்வளவு அனுப்பலாம் என்று அனுப்புபவருக்குச் சொல்லும் டிசிபி சாளரம் பூஜ்யமாகச் சுருங்குகிறது. படகிலுள்ள கருவி மேற்கொண்டு அனுப்ப முடியாமல் நிற்கிறது. தரவு வருவது உள்நோக்கி, நெருக்கடி போவது வெளிநோக்கி. அதனால் 'எதிரழுத்தம்' என்பதே சரி. 'பின்னழுத்தம்' என்றால் பின்னாலிருந்து தள்ளுவதாகத் தலைகீழாகப் புரியும்.

'வரத்துக் கட்டுப்பாடு', சாளரத்தால் அனுப்பும் அளவை அடக்கும் டிசிபியின் ஃப்ளோ கன்ட்ரோலுக்கு இருக்கட்டும். எதிரழுத்தம் வரத்துக் கட்டுப்பாட்டின் வழியாகத்தான் அனுப்புபவரை எட்டுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது.

பாம்பனிலிருந்து:

எதிரழுத்தத்துக்கு என் ஆதரவு. ஆனால் ஆட்டோரீடை அணைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று கையேட்டில் எழுதிவிடாதீர்கள். ஒரே வாசிப்பில் பல வரிகள் வந்திருந்தால், வரி பிரிக்கும் டீகோடர் மீதி வரிகளையும் உள்ளே அனுப்பிவிடும். டீகோடருக்கு அடுத்து ஃப்ளோகன்ட்ரோல்ஹேண்ட்லரை வைத்தால்தான் அவை வரிசையில் தங்கும்.

குறித்த நேரம் செய்தி வராவிட்டால் அறிவிக்கும் ஐடில்ஸ்டேட்ஹேண்ட்லர் இதைவிட மோசமாகக் கடிக்கும். வாசிப்பதை நிறுத்தியது நாம். அதுவோ படகு பேசவில்லை என்று அறிவிக்கும், நம் நிரல் இணைப்பைத் துண்டிக்கும். எதிரழுத்தம் நீடிக்கும்வரை அந்த அறிவிப்பைப் புறக்கணிக்க வேண்டும். மறுபக்கம், படகு உண்மையிலேயே இணைப்பை மூடினாலும் மீண்டும் வாசிக்கும்வரை தெரியாமல் போகலாம். வந்த தரவை நெட்டி வைத்திருக்கும் பைட்பஃபை அப்படியே வேறு இழைக்குக் கொடுக்காமல், முதலில் சரமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் நெறிமுறையான யுடிபியில் வரும் செய்திகளுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே அனுப்புபவர் நிற்கமாட்டார். இடையகம் நிரம்பினால் செய்தி தொலையும். 'இழப்பு' என்றே எழுதுங்கள்.

மண்டபத்திலிருந்து:

ஏற்கிறேன் காக்கா: பேக் பிரஷர் 'எதிரழுத்தம்', ஃப்ளோ கன்ட்ரோல் 'வரத்துக் கட்டுப்பாடு'.

அடுத்தது வாட்டர் மார்க், அதாவது குவியல் எந்த அளவில் நிறுத்துவது, எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்ற எல்லைக் குறி. நெட்டியில் எழுதும் (வெளியே அனுப்பும்) பக்கத்துக்கு இயல்பாகவே கீழே 32, மேலே 64 கிலோபைட் உண்டு. நம் வேலைக் குவியலுக்கும் இரண்டு எல்லை வேண்டும். ஒன்றே என்றால் ஆட்டோரீடு ஓயாமல் அணைந்து எரியும். மேலெல்லைக்கு 'ஏற்ற மட்டம்', கீழெல்லைக்கு 'வற்று மட்டம்' என்று முன்மொழிகிறேன்.