பாஸ்கல்: ஆறு எண் கொடுத்தும் ஒன்றுதான் பிரின்ட் ஆகுது

கேள்வி – தலவாக்கலை
தரம் 11 ஐசிடி பயிற்சி, பாஸ்கல் நிரல்மொழியில். ஒருவர் திங்கள் முதல் சனி வரை பறிச்ச கொழுந்தின் கிலோவை அணியில் (அரே) வாங்கி, ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டணும். 18, 21, 16, 19, 22, 17 கொடுத்தேன். 17 மட்டும் வருது. எரர் இல்லை. கொம்பைலர் ஃப்ரீ பாஸ்கல்தான்.

வார் கிலோ : அரே[1..6] ஒஃப் இன்டிஜர்;

ஃபோர் ஐ := 1 டு 6 டூ
  ரீட்லைன்(கிலோ[ஐ]);
ஃபோர் ஐ := 1 டு 6 டூ;
  ரைட்லைன்(கிலோ[ஐ]);

பதில் – பதுளை
இரண்டாவது ஃபோர் வரியின் கடைசியில் ஒரு அரைப்புள்ளி நிக்குது பாருங்க. லூப் அங்கேயே முடிஞ்சிருது. ஆறு தடவை சும்மா சுத்திட்டு வெளியே வந்த பிறகு ரைட்லைன் ஒரே தடவை ஓடுது. அந்த நேரம் ஐ-யில் 6 கிடந்ததால சனிக்கிழமைக் கிலோ வந்திருக்கு. அதையும் நம்ப வேண்டாம்: லூப் முடிஞ்ச பிறகு ஐ-யில் என்ன இருக்கும் என்பதற்கு பாஸ்கலில் உத்தரவாதம் இல்லை. டூ-வுக்குப் பிறகு அரைப்புள்ளி மட்டும் நின்றா அது ஒன்றும் செய்யாத வெற்றுக் கூற்று; அதுவும் செல்லுபடியான கூற்றுதான், அதனால கொம்பைலர் வாயே திறக்காது.

லூப்புக்குள்ள கிழமைப் பெயரைக் காட்ட ஒரு ரைட், பிறகு ஒரு ரீட்லைன் என்று இரண்டு வரி வந்தா இரண்டையும் ஒன்றாகக் கட்ட பிகின், என்ட் போட்டே ஆகணும். போடாட்டி முதல் வரி மட்டும் ஆறு தடவை ஓடும். நீங்க உள்ளே தள்ளி எழுதுறதை பாஸ்கல் கவனிக்காது.

கேட்டவர்
நன்றி சேர், ஆறும் வருது. ஆனா 18.5 கொடுத்தா ரன்டைம் எரர் 106.

பதில் – ஹட்டன்
இன்டிஜர் என்றா முழு எண், அதுக்குள் புள்ளி போகாது; 106 என்றா எண் வடிவம் பிழை. ஒஃப் ரியல் என்று மாத்துங்க. மாத்தினதும் அடுக்குக்குறியோட (E போட்டு) நீளமான எண் வரும். ரைட்லைன்(கிலோ[ஐ]:6:1) என்று எழுதினா 6 இட அகலத்தில், ஒரு தசமத்தோட நிக்கும். 18கிலோ என்று அலகைச் சேர்த்து அடிச்சாலும் இதே 106தான்.

பதில் – பண்டாரவளை
பைதன் பழக்கத்தில் 0 டு 6 என்று எழுதிடாதீங்க. பாஸ்கலில் எல்லை நீங்க அறிவிச்சதுதான். 1..6 அணியில் 0 கேட்டா பக்கத்து நினைவகத்தில் கிடக்கிற ஏதோ ஒன்று வரும். அங்கே எழுதினா இன்னும் மோசம், வேறொரு மாறி சத்தமில்லாம கெட்டுப்போகும். எல்லைச் சோதனை வழக்கமா அணைஞ்சே இருக்கும். புரோகிராமின் மேலே நெளி அடைப்புக்குள் டொலர் குறி, பெரிய ஆர், கூட்டல் குறி மூன்றையும் இடைவெளி இல்லாம எழுதுங்க. அப்புறம் எல்லை மீறின இடத்திலேயே எரர் 201 காட்டி நிக்கும்.