டபிள்யூடபிள்யூஇ-யோட ரா ரெஸ்லிங் ஷோ அந்தக் காலத்துல வாரா வாரம் லைவாவா வந்துச்சு?

சாட்ஸ்வர்த்_பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். நெட்ஃபிளிக்ஸ்ல நான் ரா போட்டாலே எங்க மாமா ஆரம்பிச்சிடுறாரு, இதெல்லாம் ஒரு ஷோவா, எங்க காலத்துல ஒவ்வொரு திங்களும் லைவு, யார் ஜெயிப்பான்னு ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு. நெசமா? ஞாயித்துக்கிழமை பிராய்க்கு, அதான் கறி சுடுற விருந்துக்கு, வர்றாரு, அதுக்குள்ள யாராச்சும் சொல்லுங்க.

பீனிக்ஸ்_அண்ணன்:
பாதிதான் நெசம் தம்பி. 1993 ஜனவரி 11, நியூயார்க் மன்ஹாட்டன் சென்டர்ல முதல் ஷோ, ஒரு மணி நேரம், அது லைவ்தான். சின்ன ஹாலு, யோகோசூனாவும் கோகோ பி வேரும் மொத மேட்ச். ஆனா போகப்போக என்ன பண்ணாங்கன்னா ஒரு வாரம் லைவா போட்டுட்டு அடுத்து வர்ற வாரத்துக்கும் சேத்தே ஷூட் பண்ணி வெச்சிடுவாங்க, செலவு மிச்சம்ல. 1995 செப்டம்பர்ல போட்டிக் கம்பெனி டபிள்யூசிடபிள்யூ அதே திங்கக்கெழமை நைட்ரோங்கிற ஷோவ எறக்கினதும் அதுவே வெனையாப் போச்சு. அவன் லைவ்ல வந்து ராவுல இன்னிக்கு யார் ஜெயிக்கப் போறான்னு முன்கூட்டியே போட்டு உடைப்பான். நடுவுல 83 வாரம் தொடர்ச்சியா ரேட்டிங்ல நைட்ரோதான் மேல.

டர்பன்_ரிங்சைடு:
அண்ணன் முக்கியமான ராத்திரிய விட்டுட்டாரு, 1999 ஜனவரி 4. அன்னிக்கு வந்த ரா முந்தின வாரமே வூஸ்டர்ல எடுத்து வெச்சது, அதுல மேன்கைண்ட்ங்கிற ரெஸ்லர், அதான் மிக் ஃபோலி, தி ராக்க ஜெயிச்சு சாம்பியன் ஆவாரு. நைட்ரோ கமென்டேட்டர் டோனி ஷியவானி லைவ்லயே அத சொல்லி, ஆமா இதுக்குத்தான் ஜனங்க டிக்கெட் வாங்கி வரப்போறாங்கங்கிற மாதிரி நக்கல் வேற. நடந்தது என்ன, லட்சக்கணக்கான ஆளுங்க உடனே சேனல மாத்தி ராவுக்குப் போயிட்டாங்க! இன்னொரு ரெஸ்லர் ஸ்டோன் கோல்டு வந்து ராக்க நாற்காலியால அடிக்க மேன்கைண்ட் அவர பின் பண்ணுவாரு, அதான் தோள தரையோட அழுத்தி ஜெயிப்பாரு, அந்தக் கூட்டத்தோட சத்தத்த இப்பக் கேட்டாலும் புல்லரிக்கும். அதே ராத்திரி நைட்ரோ மெயின் ஈவென்ட்ல ஹோகன் ஒரு வெரலால நெஞ்சுல குத்துறாரு, எதிர்ல நின்ன சாம்பியன் கெவின் நாஷ் தொபுக்கடீர்னு சாஞ்சு டைட்டிலக் குடுத்துடுறாரு. காசு குடுத்து வந்தவன் என்ன நெனப்பான்? 2001 மார்ச் 26 கடைசி நைட்ரோ, டபிள்யூசிடபிள்யூ கம்பெனியவே ரா முதலாளி வின்ஸ் மெக்மான் வாங்கிட்டாரு.

பொம்பே_ரெஸ்லிங்_அக்கா:
முடிவு தெரிஞ்சா யார் பாப்பாங்கிற பேச்செல்லாம் நம்ம தென்னாப்பிரிக்காவுக்கு ஆகாது. இங்க இ.டிவி சேனல்ல ரெஸ்லிங் பாத்த காலத்துல எல்லாமே லேட்டாதான் வரும், ஸ்கூல்ல எவனாச்சும் ரிசல்ட் சொல்லிடுவான், ஆனாலும் பாத்தோம். இப்ப லைவ் வருது, ஆனா நமக்கு அது செவ்வாய் விடியக்காலம் ரெண்டு மூணு மணி, எவ முழிச்சிருப்பா?

சாட்ஸ்வர்த்_பொடியன்:
சூப்பர் அக்கா. நம்ம நாட்டு ஆளு யாராச்சும் ராவுல இருந்திருக்காங்களா?

பீனிக்ஸ்_அண்ணன்:
ஜஸ்டின் கேப்ரியல், கேப் டவுன் பையன். 2010 ஜூன் 7 ராவுல நெக்ஸஸ்ங்கிற புது ரெஸ்லர் கும்பல் உள்ள பூந்து ஜான் சீனாவ அடிச்சு ரிங்கயே பிச்சுப் போட்டுச்சே, அதுல ஒருத்தன். கடைசில சீனா மேல பறந்து விழுந்தது அவன்தான். யூட்யூப்ல தேடிப் பாரு. ஆனா முழு எபிசோடு எல்லாம் பாக்காத, 2012 ஜூலைல மூணு மணி நேரமா இழுத்ததுக்கு அப்புறம் வந்ததெல்லாம் பாதி ஜவ்வு.